சீமத்தண்ணியா, விறகா? ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு பேசப்போறது அடுப்பு பத்தி. கேள்வி சிம்பிள்: வீட்டுக்குச் சூடு வேணும்னா எண்ணெய் அடுப்பு நல்லதா, விறகு அடுப்பு நல்லதா?

குளிர் நாடுகள்ல இது வீட்டையே சூடாக்குற கேள்வி. நம்ம நாட்டுலயும் காஷ்மீர், லடாக் பக்கம் அப்படித்தான். அங்கே 'புகாரி'ன்னு ஒரு இரும்பு அடுப்பு, அறை நடுவுல நிக்கும். அதோட புகைக்குழாய் கூரை வழியா வெளியே போகும். விறகு போடுற புகாரியும் உண்டு, மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டா இறங்கி எரியுற புகாரியும் உண்டு. நம்ம சமவெளியில சுவரைச் சூடாக்கத் தேவையில்ல. உடம்பைச் சூடாக்கினா போதும். அதனால நம்ம வீட்டுல இந்தக் கேள்வி வெந்நீர் அடுப்புல வந்து நிக்குது.

பஞ்சாயத்து

எங்க அம்மாச்சி வீடு தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில. சின்னமனூர் பக்கம், திராட்சைக்குப் பேர் போன ஊர். நிமிர்ந்து பார்த்தா மேகமலை. மார்கழி, தை மாசம் விடியக்காலம் பச்சைத்தண்ணியில கை வைக்க முடியாது. வீட்டுல நாலு பேர், நாலு பேருக்கும் வெந்நி வேணும்.

அம்மாச்சிக்கு எழுபது தாண்டியாச்சு, கொஞ்ச நாளா இருமல். புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உடனே மாமா, "பரண்ல திரி ஸ்டவ் சும்மாதான கிடக்கு, எறக்கிருவோம். சீமத்தண்ணியில புகை வராது"ன்னாரு. அம்மாச்சி விடல: "தோட்டத்துல மட்டை மட்டையா கிடக்கு. காசு குடுத்து வாங்கி எரிக்கணுமாக்கும்?" ரெண்டு பேரும் போனைப் போட்டு என்கிட்ட நியாயம் கேட்டாங்க. படிச்சது இஞ்சினியரிங் இல்லையா.

ஆனா தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அந்த அடுப்பைப் பத்த வைக்கிறது எங்க அத்தை. அவங்ககிட்ட யாரும் எதுவும் கேக்கல. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு வாளிக்கு எவ்வளவு?

முதல்ல கணக்கு. ஒரு வாளி 20 லிட்டர். தண்ணி 22 டிகிரியில இருக்குன்னு வைங்க. குளிக்க 42 டிகிரி போதும். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேணும். அப்போ ஒரு வாளிக்கு சுமார் 1,670 கிலோஜூல். எந்த அடுப்பா இருந்தாலும் தண்ணிக்குள்ள போக வேண்டிய சூடு இவ்வளவுதான்.

வித்தியாசம் ரெண்டு இடத்துல வருது. ஒண்ணு, எரிபொருள்ல எவ்வளவு சூடு இருக்கு. இன்னொண்ணு, அதுல எத்தனை சதவீதம் பாத்திரத்துல ஏறுது.

நல்லா காஞ்ச விறகு ஒரு கிலோவுல சுமார் 16 மெகாஜூல் இருக்கு. ஆனா மூணு கல்லு அடுப்புல அதுல பத்துலேருந்து பதினஞ்சு சதவீதம்தான் தண்ணிக்கு வரும். மிச்சம் காத்துக்கும் கல்லுக்கும் போயிரும். ஆக, ஒரு வாளிக்கு முக்கால் கிலோவுலேருந்து ஒரு கிலோ விறகு.

மண்ணெண்ணெய் ஒரு லிட்டர்ல சுமார் 35 மெகாஜூல். திரி ஸ்டவ்வுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா பாத்திரத்துல ஏறும். ஒரு வாளிக்கு 100 மில்லிக்குச் சற்று மேல.

கேஸ் ஒரு கிலோவுல சுமார் 46 மெகாஜூல். அறுபது சதவீதம் ஏறும்னு எடுத்துக்கிட்டா, ஒரு வாளிக்கு 60 கிராம்.

கரண்ட் ஹீட்டர் ராடு தண்ணிக்குள்ளயே முங்கி இருக்குறதால நஷ்டம் ரொம்பக் கம்மி. ஒரு வாளிக்கு அரை யூனிட்.

இதை நாலு வாளி, முப்பது நாளைக்குப் பெருக்குங்க. விறகுன்னா மாசம் கிட்டத்தட்ட 100 கிலோ. மண்ணெண்ணெய்னா 12, 13 லிட்டர். கேஸ்னா 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. வீட்டு சிலிண்டர்ல இருக்குறதே 14.2 கிலோ. வெறும் குளிக்கிற தண்ணிக்கே மாசம் அரை சிலிண்டர் காலி!

நான் இந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டேன். கேஸ் இணைப்பு வாங்கின பிறகும் கிராமத்து வீடுகள்ல கொல்லைப்புறத்துல விறகு அடுப்பு ஏன் அணையலைங்கிறதுக்குப் பாதி பதில் இந்தப் பெருக்கல்ல இருக்கு. "பழக்கத்த விட மாட்டேங்குறாங்க"ன்னு நகரத்துல இருந்துக்கிட்டு ஈஸியா சொல்லிடுறோம். பழக்கமும் இருக்கலாம். ஆனா அடிப்படையில அது தெளிவான கணக்கு. சமையலுக்கு வாங்கின சிலிண்டரைக் குளியலறையில கரைக்க யாரும் தயாரா இல்ல.

நீல எண்ணெயின் கதை

மாமா கட்சிக்கு வருவோம். மாசம் 12, 13 லிட்டர் மண்ணெண்ணெய். ரேஷன்ல கிடைச்சது எப்பவுமே வீட்டுக்குச் சில லிட்டர்தான். கேஸ் இணைப்பு இருந்தா இன்னும் கம்மி, ரெண்டு சிலிண்டர்னா கிடையவே கிடையாது. அப்பல்லாம் ரேஷன் அட்டையில முத்திரை குத்தினாங்க. அதனால ரேஷன் எண்ணெய வச்சு வீடு முழுக்க வெந்நீர் போடுறது எந்தக் காலத்துலயும் நடக்கிற காரியம் இல்ல.

அப்போ அந்த எண்ணெய் எதுக்குத்தான் பயன்பட்டுச்சு? கரண்ட் போனா விளக்குக்கு, அவசரத்துக்கு ஒரு காபி போட, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்க. அப்புறம் விறகு பத்த வைக்க! ஈர விறகு மேல ஒரு கரண்டி சீமத்தண்ணி ஊத்தினா குப்புனு பிடிக்கும். எண்ணெயும் விறகும் போட்டியாளர்னு நாம நினைக்கிறோம். எங்க அம்மாச்சி வீட்டுல அதுங்க கூட்டாளிங்க.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு பெரிய வசதி இருந்துச்சு. கையில இருபது ரூபா இருந்தா இருபது ரூபாய்க்கு வாங்கலாம். பாட்டில எடுத்துட்டுப் போய் அரை லிட்டர் வாங்கலாம். சிலிண்டர் அப்படி இல்ல. சென்னையில 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்சுல 1,118 ரூபா 50 காசு. 2023 ஆகஸ்ட் கடைசியில 200 ரூபா குறைச்சாங்க, 2024 மார்ச்சுல இன்னொரு 100. 2025 ஏப்ரல்ல 50 ஏத்தி 868 ரூபா 50 காசு ஆச்சு. ஏறினாலும் இறங்கினாலும் மொத்தமா ஒரே நாள்ல குடுக்கணும். தினக்கூலி வாங்குற வீட்டுக்கு விலையை விட இதுதான் பெரிய சிக்கல். 5 கிலோ சின்ன சிலிண்டர் வந்தது கூட இதைப் புரிஞ்சுக்கிட்டதாலதான்.

நம்ம ரேஷன் எண்ணெய் நீல நிறத்துல இருக்கும், பார்த்திருப்பீங்க. டீசல்ல கலப்படம் பண்ணினா கண்டுபிடிக்கணும்னு சாயம் போட்டது. மானிய விலை எண்ணெய்க்கும் டீசலுக்கும் விலையில அவ்வளவு தூரம். ஏழை வீட்டுக்குன்னு ஒதுக்கின எண்ணெயில ஒரு பங்கு லாரி டேங்க்குக்குப் போச்சு. எண்ணெய மிச்சம் பிடிக்கணும்னு இந்தியன் ஆயில் ஆராய்ச்சிக் கூடம் 1977-ல் 'நூதன்' திரி ஸ்டவ்வைக் கொண்டுவந்துச்சு. நம்ம பரண்கள்ல தூங்குற ஸ்டவ் பலதும் அந்த வம்சம்.

அப்புறம் காலம் மாறிடுச்சு. தமிழ்நாட்டுல 2007-ல் இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் குடுக்கத் தொடங்கினாங்க. 2016 மே 1-ல் உத்தரப் பிரதேசம் பல்லியாவுல உஜ்வலா திட்டம் ஆரம்பிச்சது. அதே 2016 ஜூலையிலேருந்து ரேஷன் மண்ணெண்ணெய் விலைய 25 பைசா 25 பைசாவா ஏத்தி, 2020-ல் மத்திய அரசோட மானியத்தையே முடிச்சுட்டாங்க. ஒதுக்கீடும் வருஷா வருஷம் சுருங்கிச்சு. அதனால மாமா சொல்ற சீமத்தண்ணிய வெளி விலைக்குத்தான் வாங்கணும். மாசம் 12 லிட்டர். கணக்குலயே மாமா கட்சி படுத்துருச்சு.

ஆனா புகை?

சரி, காசு போனா போகுது, அம்மாச்சி நுரையீரல் முக்கியம் இல்லையான்னு கேப்பீங்க. சரியான கேள்வி. மாமா கேட்டதும் இதுதான்.

புகைன்னா என்ன? பாதி எரிஞ்ச எரிபொருள். முழுசா எரிஞ்சா கண்ணுக்குத் தெரியாத வாயுவும் நீராவியும்தான் வரும். விறகுல ஈரம் இருந்தா முழுசா எரியாது. அப்போ வெட்டின பச்சை விறகு ஒரு கிலோவுல பாதி தண்ணின்னு வைங்க. அந்த அரை லிட்டர் தண்ணிய ஆவியாக்கவே சுமார் 1,300 கிலோஜூல் போயிரும். நம்ம குளிக்கிற வாளிக்குத் தேவை 1,670. முக்கால் வாளி வெந்நீருக்கான சூடு, விறகைக் காயவைக்கவே செலவாகுது! அடுப்போட சூடும் குறையுது, புகையும் கூடுது. விறகு அடுப்பு மேல இருக்கிற பாதிக் குறை, உண்மையில ஈர விறகு மேல இருக்க வேண்டியது.

மண்ணெண்ணெய்ல கண்ணு எரியாது, அதனால புகை இல்லன்னு தோணும். திரி சமமா இருந்து, நீலச் சுடர் வந்தா விறகை விட எவ்வளவோ மேல். ஆனா திரி கருகி மஞ்சளா எரிய ஆரம்பிச்சா, பாத்திரத்தோட அடியப் பாருங்க. அந்தக் கரி நுரையீரலுக்கும் போகுது. உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட வீட்டு எரிபொருள் வழிகாட்டுதல்ல, வீட்டுக்குள்ள மண்ணெண்ணெய் எரிக்கிறதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கு. அதே நிறுவனத்தோட மதிப்பீட்டுல, 2020-ல் மட்டும் வீட்டுக்குள்ள வர்ற புகையால உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருக்காங்க.

நம்ம மாநிலத்துலயே இதை அளந்திருக்காங்க. 'ஹாப்பின்'னு ஒரு பெரிய ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, நாலு நாடு, 3,200 கர்ப்பிணிப் பெண்கள். இந்தியாவுல நடந்தது தமிழ்நாட்டுல, பழைய விழுப்புரம் மாவட்டத்துலயும் நாகப்பட்டினத்துலயும். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாசத்துக்கு கேஸும் இலவசம். மீதிப் பேர் வழக்கம்போல விறகு. 2022-ல் முடிவு வந்துச்சு. பெண்கள் சுவாசிக்கிற நுண்துகள், அதாவது பிஎம் 2.5, விறகுக் குழுவுல ஒரு கன மீட்டருக்கு சுமார் 71 மைக்ரோகிராம், கேஸ் குழுவுல 24. மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சிருக்கு. ஆனா ஒண்ணையும் சேர்த்துச் சொல்லணும்: பிறந்த குழந்தைகளோட எடையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல. புகை குறைஞ்சா எல்லாம் உடனே சரியாகிடும்ங்கிற எளிமையான கதை இல்ல இது. எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற. அவங்க வீட்டுல கேஸ் முழுசா விறகோட இடத்த எடுத்துக்கிச்சு, ஏன்னா கேஸ் தீருமேங்கிற பயமே இல்ல. நிஜ வாழ்க்கையில அந்தப் பயம்தான் அத்தையைத் திரும்ப விறகு முன்னால உக்கார வைக்குது.

சுடர் பக்கத்துல நிக்கிறது யாரு

மண்ணெண்ணெய் பத்திப் பேசும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி"ங்கிற செய்தி நம்ம அப்பா அம்மா தலைமுறைக்குப் பழகிப்போன ஒண்ணு. எரியுற ஸ்டவ்வுலயே எண்ணெய் ஊத்துறது, பம்பு ஸ்டவ்வுல அடைப்பு, பெட்ரோல் கலந்த எண்ணெய், இதெல்லாம் நிஜமான ஆபத்து. நல்ல மண்ணெண்ணெய் சுமார் 35 டிகிரிக்குக் கீழ சட்டுனு தீப்பிடிக்கிற ஆவியைத் தராது. பெட்ரோல் கலந்தா சாதாரண வெப்பத்துலயே பிடிச்சுக்கும். இன்னொரு பக்கம், அந்தச் செய்திகள்ல பலதுல ஸ்டவ் வெறும் சாக்கு, உள்ளே வரதட்சணைக் கொலை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமா இறந்தா கோட்டாட்சியர் விசாரணைன்னு பேப்பர்ல படிக்கிறோமே, அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1983-ல் வந்த சட்டத் திருத்தம். ஒரு எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதோட தீ யாரு சேலைக்குப் பக்கத்துல எரியுதுன்னும் பார்க்கணும்.

அப்போ என்னதான் பண்றது?

அத்தைகிட்ட போன்ல கேட்டேன். "உங்களுக்கு எதுல கஷ்டம்?" அவங்க புகைய ரெண்டாவதாத்தான் சொன்னாங்க. முதல்ல சொன்னது: "அடுப்பு முன்னாடியே உக்காந்திருக்கணும்ப்பா. ஊதிக்கிட்டே இருக்கணும். அந்த நேரத்துல வேற ஒரு வேலை ஓடாது." எங்க கணக்குல இல்லாத எரிபொருள் அது. அத்தையோட காலை நேரம்.

அதனால நாங்க எடுத்த முடிவு இது. உங்க ஊர் வீட்டுக்கும் பொருந்துதான்னு பாருங்க.

ஒண்ணு: வீட்டுக்குள்ள எண்ணெயும் வேண்டாம், விறகும் வேண்டாம். சமையல் முழுக்க கேஸ்.

ரெண்டு: வெந்நீர் வெளியே, கொல்லையில, விறகுல. ஆனா மூணு கல்லு அடுப்புல இல்ல. பழைய வெந்நீர் பாய்லர் தெரியுமா? நடுவுல நெருப்புக் குழாய், சுத்தித் தண்ணி. டீக்கடை பாய்லரோட அண்ணன். அதுல நெருப்பைச் சுத்தியே தண்ணி இருக்குறதால சூடு தப்பிச்சுப் போக வழி கம்மி. மேல குழாய் இருக்குறதால காத்து தானா இழுக்கும், ஊத வேண்டாம். கொட்டாங்குச்சியும் மட்டைத் துண்டும் போட்டுட்டு அத்தை அவங்க வேலையப் பார்க்கலாம். புகையும் தலைக்கு மேல போயிரும். பாய்லர் வச்ச இடம் அம்மாச்சி படுக்கிற ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம்.

மூணு: விறகு காயணும். வெட்டின உடனே எரிக்கக் கூடாது. பிளந்து, மழை படாம, தரையில படாம சில மாசம் அடுக்கி வைக்கணும். அந்த அடுக்குற வேலை மாமாவுக்கு! திராட்சை கவாத்து பண்ணின கொடி மருந்தடிச்சதா இருக்கும், அதை அடுப்புல போட வேண்டாம்னு சொல்லியிருக்கேன். பாலித்தீன் கவரை வச்சுப் பத்த வைக்கிறதும் கூடாது. காஞ்ச பன்னாடை போதும். விறகு தோட்டத்துலேருந்து மட்டும்தான். மலைக்காடு 2021-லேருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், அங்கே போய் வெட்டுற பேச்சே இல்ல.

நாலு: மழை நாள்ல அம்மாச்சிக்கு மட்டும் ஒரு வாளி ஹீட்டர் ராடுல. தமிழ்நாட்டுல வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு அளவு வரைக்கும் கரண்ட் இலவசம். தினம் ஒரு வாளின்னாலும் ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட்தான். ஆனா சுவிட்ச் ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டின பிறகுதான் தண்ணியத் தொடணும். பிளாஸ்டிக் வாளி, எர்த் உள்ள பிளக். இதுல சமாதானமே கிடையாது.

கவனிச்சீங்களா? விறகை வெளியே வச்சுக்கிட்டதாலதான் கேஸ் உள்ளே மாசம் முழுக்கத் தாங்குது. மிச்சமாகுற அந்த அரை சிலிண்டர்தான் அடுப்பங்கரையைப் புகையில்லாம வச்சிருக்கு. ஒரு வீட்டுக்கு ஒரே அடுப்புன்னு நினைச்சா இது பிடிபடாது. எந்த வேலைக்கு, எந்த இடத்துல, யாரு முன்னால உக்காருறதுன்னு பிரிச்சுக் கேட்டா பிடிபடும்.

மலைக்குப் போறவங்களுக்கு

கடைசியா, இதைக் கேக்குற உங்கள்ல பல பேர் டிசம்பர்ல கொடைக்கானல், ஊட்டி, மேகமலைன்னு கிளம்புவீங்க. ராத்திரி குளிருது, வெளியே பார்பிக்யூ போட்ட கரி இன்னும் கனன்னுக்கிட்டு இருக்கு, அதை அறைக்குள்ள எடுத்து வச்சுக்கலாம்னு தோணும். தயவு செஞ்சு செய்யாதீங்க. புகை இல்லாத கங்குதான் ரொம்ப மோசம். அதுலேருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்ல, நிறம் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும், அப்படியே எந்திரிக்காமப் போனவங்க செய்தி நம்ம மலைகள்லேருந்தே வந்திருக்கு. கூடாரத்துக்குள்ளயும் அதே விதி. புகாரிக்குக் கூரை வரைக்கும் குழாய் வச்சது அலங்காரத்துக்கு இல்ல. குழாய் இல்லாத எந்த நெருப்பும் மூடின அறைக்குள்ள வேண்டாம். இன்னொரு கம்பளி கேளுங்க.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க ஒரு காரியம் பண்ணுங்க. உங்க வீட்டுல வெந்நீர் போடுறது யாரோ, அவங்க பக்கத்துல பத்து நிமிஷம் உக்காருங்க. அடுப்பு பத்தி அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதுலேருந்தே தொடங்குவோம்.